சுகர் ஃப்ரீ மாத்திரை போட்டேன், எடை குறைகிறது: புற்றுநோயா டாக்டர்?

கேள்வி: வயது 54, ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். காபியில் தினமும் மூன்று சுகர் ஃப்ரீ மாத்திரை (அஸ்பார்டேம்) போட்டு வந்தேன். அது புற்றுநோய் தரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததால் நிறுத்திவிட்டுக் கருப்பட்டிக்கு மாறினேன். சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று ஒரு வீடியோ பார்த்து அதையும் பாதியாக்கிவிட்டேன். மூன்று மாதத்தில் 5 கிலோ குறைந்துவிட்டது, வளையல் கழன்று விழுகிறது. நாக்கு வறட்சி, இரவில் நாலு தடவை சிறுநீர், முடி கொட்டுதல், வயிற்று உப்புசமும் உண்டு. அந்த மாத்திரையின் விளைவா?

பதில்: இல்லை அம்மா. மாத்திரையை நிறுத்திய பிறகுதானே எடை இறங்கியிருக்கிறது? கருப்பட்டியைக் கூட்டினீர்கள், மருந்தைக் குறைத்தீர்கள், ரத்தச் சர்க்கரை எகிறியிருக்கும். முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சர்க்கரை அளவு மீறிப் போனால் அது சிறுநீரில் இறங்கும், கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும், அதனால்தான் இரவெல்லாம் எழுந்திருப்பதும் நாக்கு வறள்வதும். சாப்பிட்டது உடம்பில் சேராததால் கொழுப்பும் தசையும் கரைகின்றன. கழிவறையில் எறும்பு மொய்க்கிறதா என்று பாருங்கள், மொய்த்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். முயற்சி எதுவும் இல்லாமல் எடை இறங்குவதை, இளைத்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டும் விடக்கூடாது, புற்றுநோய் என்று முடிவுகட்டி வீட்டிலேயே உட்கார்ந்திருக்கவும் கூடாது.

நாளைக் காலையே வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என ரத்தம் கொடுங்கள். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கிரியாட்டினின் (கிட்னி வேலை செய்யும் அளவு), சிறுநீரில் கீட்டோன் (கொழுப்பு கரையும்போது சேரும் அமிலப் பொருள்) மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இடையில் வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல், அசாதாரணத் தூக்கம் எது வந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகும் எடை இறங்கிக்கொண்டே இருந்தால், கணையத்தில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். உங்கள் வயதில் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

வாட்ஸ்அப் செய்திக்கு வருகிறேன். 2023 ஜூலையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமை '2பி' பிரிவில் சேர்த்தது உண்மை. 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும், ஆனால் ஆதாரம் குறைவு' என்பதுதான் அந்தப் பிரிவு. கற்றாழை முழு இலைச் சாறும் அதே பட்டியலில் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் ஃபார்வர்ட் அனுப்புவதில்லை. அதே நாளில் இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி வரம்பை மாற்றத் தேவையில்லை என்று சொன்னது. 60 கிலோ உள்ளவருக்கு அது 2400 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் சுமார் 20 மில்லிகிராம்தான் இருக்கும், நீங்கள் போட்டதோ மூன்று. எடை குறைக்க இனிப்பூட்டிகள் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு மே மாதம் சொன்னதும் ஏற்கனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கானது அல்ல. இனிப்பில்லாமல் காபி குடிக்கப் பழகினால் நல்லது, முடியாவிட்டால் அந்த மூன்று மாத்திரைக்காகப் பயப்படாதீர்கள்.

கருப்பட்டியை இன்றே நிறுத்துங்கள். அதில் பெரும்பகுதி சுக்ரோஸ், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சரக்கு. தேனும் நாட்டுச் சர்க்கரையும் உங்களுக்கு வேண்டாம். முடி கொட்டுவது, உப்புசம் இரண்டையும் இப்போதைக்கு விடுங்கள்.

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னி ஏற்கனவே பலவீனமாக இருந்தால்தான் நாங்கள் அதன் அளவைக் குறைப்போம், அதற்குத்தான் கிரியாட்டினின் பார்க்கச் சொன்னேன். ரிப்போர்ட்டோடு உங்கள் டாக்டரிடம் போகும்போது மருந்தைப் பாதியாக்கியதை மறைக்காதீர்கள், திட்டுவார் என்று பயந்து சொல்லாமல் விட்டால் முழு அளவும் பலிக்கவில்லை என்று நினைத்து இன்னொரு மருந்தைச் சேர்த்து எழுதிவிடுவார்.