மாடியில் நான்கு மணி நேரம்

அன்புள்ள டாக்டருக்கு,

எனக்கு 20 வயது. பி.காம். மூன்றாமாண்டு. ஆறு மாதத்துக்கு முன் ஒரு மாயக்கதை நாவல் படித்தேன். கோபம் வந்தால் கையில் தீப்பற்றும் ஒரு பெண், அந்தச் சக்தியை அடக்கப் பழகும் கதை. அவள் என்னை விடவே இல்லை. சாயங்காலமானால் மொட்டை மாடியில் இயர்போன் மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நடக்கிறேன். மனதுக்குள் நான்தான் அவள் என்று கற்பனை ஓடும். தினம் நான்கு மணி நேரம் போகிறது. உதடு அசைவதைப் பார்த்து, யாரோ பையனோடு பேசுகிறேன் என்று அம்மா சண்டை. இரண்டு பேப்பர் அரியர். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?

- பெயர் வேண்டாம், திருச்சி

அன்புத் தோழிக்கு,

இல்லை. அது கற்பனை என்று உங்களுக்கே தெரிகிறது. மனச்சிதைவில் பெரும்பாலும் அந்தத் தெளிவு குலைந்துவிடும். கட்டுமீறிய இந்தப் பகற்கனவுக்கு 2002-ல் 'மாலடாப்டிவ் டேட்ரீமிங்' என்று பெயர் வைத்தவர் இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகப் பேராசிரியர் எலி சோமர். மனநோய்களை வகைப்படுத்தும் கையேடான டிஎஸ்எம்-5 பட்டியலில் இது தனி நோயாக இல்லை. அதனால் டாக்டரிடம் போனால் பெயரைச் சொல்ல வேண்டாம், "நான்கு மணி நேரம் போகிறது, அரியர் விழுகிறது" என்று சொல்லுங்கள். மனச்சோர்வு, ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்), ஏடிஹெச்டி (கவனக் குறைபாடு) இதோடு ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம். அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தக் கனவுக்குப் பாட்டு எண்ணெய், நடை திரி. இரண்டையும் பிரியுங்கள். நடக்கும்போது இயர்போன் கூடாது. பாட்டு வேண்டுமென்றால் கூடத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில்.

நாளையே அடியோடு நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்தினால் மூன்றாம் நாள் வட்டியோடு திரும்பும். முதல் வாரம் எதையும் குறைக்காமல் ஒரு நோட்டில் மூன்று விஷயம் மட்டும் குறியுங்கள்: ஏறிய நேரம், இறங்கிய நேரம், ஏறுவதற்குச் சற்று முன் நடந்தது. மூன்றாவதுதான் முக்கியம். 'காஸ்டிங் கணக்கு வரவில்லை', 'அம்மா திட்டினார்' என்று ஒரே காரணம் திரும்பத் திரும்ப வரும். இரண்டாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு அரை மணி நேரம் குறையுங்கள். அலாரம் வைத்த போன் கீழே சமையலறையில் இருக்கட்டும். கையில் இருந்தால் அணைத்துவிட்டு நடப்பீர்கள். மாடிக்குப் போகுமுன் 25 நிமிடம், ஒரே ஒரு கணக்கு. விடை தப்பானாலும் பரவாயில்லை, போகலாம்.

ஒன்று கேட்கிறேன். நாவலில் அந்தப் பெண் தீயை அடக்கப் பழகும்போது எத்தனை முறை தோற்றாள்? உங்கள் மாடிக் கதையில் அந்தப் பக்கங்கள் வருகின்றனவா? நேரே கடைசிப் போருக்கும் கைதட்டலுக்கும் தாவிவிடுகிறீர்கள் என்பது என் சந்தேகம். தோற்காமலே ஜெயிக்கப் பழகிய மனதுக்கு, நாலு தடவை தப்பாகும் காஸ்டிங் கணக்கு கசக்கத்தான் செய்யும்.

தூக்கம் கெட்டாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ காத்திருக்காமல் 14416-க்குப் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

அம்மாவிடம் நோட்டைக் காட்டுங்கள். ஒருநாள் இயர்போனை அவர் காதிலேயே மாட்டிவிடுங்கள். பையன் குரல் இல்லை என்று தெரிந்தாலே பாதிச் சண்டை ஓயும்.