பாலம் ஏறாத பேட்டரி ஸ்கூட்டருக்கு மோட்டார் மாற்றலாமா?

கேள்வி: வீட்டிலேயே தேன்குழலும் சீப்புச் சீடையும் செய்து காரைக்குடிக் கடைகளுக்குப் போடுகிறேன். போன வருஷம், லைசென்ஸும் பதிவும் தேவையில்லாத பேட்டரி ஸ்கூட்டர் ஒன்று வாங்கினோம். ‘ரெண்டு பேர் உட்கார்ந்தாலும் மேடு இழுக்கும்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். நானும் கணவரும் ஒரு டின்னோடு போனால் ரயில்வே மேம்பாலத்தில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. நான் இறங்கித் தள்ளுகிறேன். 1,000 வாட் மோட்டாரும் பெரிய கன்ட்ரோலரும் போட்டுத் தருவதாக ஒரு மெக்கானிக் சொல்கிறார். பிடித்தால் 5,000 ரூபாய் ஃபைன், அவ்வளவுதானாம். 15 வயது மகளும் இதில்தான் டியூஷன் போகிறாள். மாற்றலாமா?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: மாற்றாதீர்கள். மெக்கானிக் சொன்ன 5,000 ரூபாய்க் கணக்கு உங்கள் வண்டிக்கு உரியதே அல்ல.

அது நம்பர் பிளேட் உள்ள வண்டிகளுக்கானது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. மீறினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சிறையைச் சொல்ல மெக்கானிக் மறந்துவிட்டார் போலிருக்கிறது.

உங்கள் வண்டி வேறு ரகம். சட்டத்தின் கணக்கில் அது மோட்டார் வாகனமே இல்லை. மோட்டார் அரை மணி நேரம் தொடர்ந்து தரும் திறன் 250 வாட்டுக்குக் குறைவு, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவு, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள், அதற்கு அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனத்தின் சான்று: இவ்வளவும் இருப்பதால்தான் அந்த விலக்கு. 1,000 வாட் மோட்டாரோடு பட்டறையை விட்டு வெளியே வந்தால் அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். சரி, அப்புறம் பதிவு செய்துகொள்ளலாமே என்றால், அந்தத் திறனுக்கு அங்கீகாரம் பெறாத வண்டியை ஆர்.டி.ஓ. பதிவு செய்ய மாட்டார்.

மகள் விஷயம்தான் எனக்குக் கவலை. மாற்றிய வண்டியை 15 வயதுப் பெண் ஓட்டிப் பிடிபட்டால் 199ஏ பிரிவு வரும். பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். 25 வயது வரை அவளுக்கு எல்.எல்.ஆர். கிடையாது.

யார் மீதாவது மோதினால் இன்னும் மோசம். இன்சூரன்ஸ் இல்லாததால் தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீடு முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். பலகார வியாபாரம் அதைத் தாங்காது.

இனி, பாலத்துக்கு வருவோம். குன்றக்குடிக்கும் பிரான்மலைக்கும் மேலே ஏறப் படி இருக்கிறது. நம் பக்கம் வண்டி ஏறும் மேடு என்றால் பெரும்பாலும் பாலம்தான். வண்டி, நீங்கள் இருவர், டின் எல்லாம் சேர்ந்து 200 கிலோ என்று வையுங்கள். 30 அடிக்கு ஓர் அடி உயரும் பாலத்தில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, சரிவுக்கு மட்டுமே சுமார் 270 வாட் வேண்டும். 250-க்குள் அடங்கும் மோட்டார் திணறாமல் என்ன செய்யும்? ஆக, வண்டியால் முடியாததைச் செய்யும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். உங்கள் வழக்கு அங்கேதான் இருக்கிறது.

ஆகவே வண்டியில் கை வைக்காதீர்கள்; பிரித்துவிட்டால் ‘நீங்கள்தான் கெடுத்தீர்கள்’ என்பார்கள். பில், விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பேட்டரியையும் பிரேக் உரசலையும் சர்வீஸ் சென்டரில் பார்த்து, எழுத்தில் வாங்குங்கள். எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் கேட்கும். வண்டி பாலத்தில் நிற்பதை ஒரு வீடியோ எடுங்கள். பிறகு பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஒரு வருஷம் ஏற்கெனவே ஓடிவிட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. சான்றில் உள்ள வாட் அளவும் மோட்டார் மேல் அச்சடித்திருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். மோட்டாரில் 250-க்கு மேல் இருந்தால் மகளை இன்றே ஓட்டவிடாதீர்கள். அப்படி விற்ற டீலருக்கு ஒரு வண்டிக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகலாம். உங்கள் நோட்டீஸில் அதையும் ஒரு வரி சேருங்கள்.

பணம் திரும்பி வந்து, பதிவு செய்யும் வண்டியே வாங்குவதென்றால், டெஸ்ட் டிரைவுக்குக் கணவரையும் ஒரு முழு டின்னையும் ஏற்றிக்கொண்டு அதே பாலத்துக்குப் போங்கள். வேண்டாம் என்று கடைக்காரர் தடுத்தால், வேறு கடை பாருங்கள்.