பழங்கிரேக்க வினையான 'ஒய்த' நிறைவுக்கால வடிவில் இருந்தும் 'அறிவேன்' என்று நிகழ்காலப் பொருள் தருவது ஏன்?

இவ்வினையின் வேர் முதலில் பார்த்தலைக் குறித்தது. 'கண்டேன்' என்று பொருள்படும் 'எய்தொன்' என்ற இறந்தகால வினையும் அதே வேரில் பிறந்ததுதான். கிரேக்க நிறைவுக்காலம், நடந்து முடிந்த செயலைவிட அச்செயலால் இப்போது நிலவும் நிலையையே முதன்மையாகச் சுட்டும். ஆகவே 'கண்டிருக்கிறேன்' என்ற வடிவம், கண்டதன் பயனாக இன்று என்னிடமுள்ள அறிவைக் குறிக்கலாயிற்று. யோவான் 3:2-இல் நிக்கொதேமு கூறும் 'ஒய்தமென்' என்பதைத் தமிழ் வேதாகமம் 'அறிந்திருக்கிறோம்' என்று பெயர்த்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த பெயர்ப்பு. நிறைவு வடிவமும் நிகழ்காலப் பொருளும் அதில் ஒருங்கே நிற்கின்றன.

ஏதென்ஸ் பகுதியின் கிரேக்கமான ஆட்டிக் வழக்கில் ஒருமை வடிவங்கள் தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற வரிசையில் ஒய்த, ஒய்ஸ்த, ஒய்தெ. பன்மை வடிவங்கள் இஸ்மென், இஸ்தெ, இஸாஸி. ('ஒய்தமென்' என்பது ஒருமையைப் பின்பற்றிப் பிற்காலத்தில் பரவிய வடிவம்.) ஒருமையில் 'ஒய்' என்றும் பன்மையில் 'இ' என்றும் உயிர் மாறுவதை வெறும் விதிவிலக்காக உருப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் கிரேக்கமும் சமஸ்கிருதமும் ஜெர்மனும் ஒரே மூலமொழியிலிருந்து பிறந்தவை; கிரேக்கம் தனிமொழியாகப் பிரிவதற்கு முன்பிருந்த ஒழுங்கு அது. சமஸ்கிருதத்தில் ஒருமை வேத, வேத்த, வேத என்றும் பன்மை வித்ம, வித, விதுஸ் என்றும் வரும். பழங்கிரேக்கக் காவியக் கவி ஹோமரின் 'இத்மென்' (ஆட்டிக் 'இஸ்மென்') அந்த 'வித்ம'வுக்கு எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். ஜெர்மனிலும் ஒருமை 'வைஸ்', பன்மை 'விஸ்ஸென்'. 'லூஓ' என்பது 'லெலுக்க' ஆவதுபோல் முதலசை இரட்டிப்பதே நிறைவுக்காலத்தின் வழக்கமான அடையாளம். 'ஒய்த'விலும் 'வேத'விலும் அது இல்லை. கிரேக்கச் சொல்லின் தொடக்கத்திலிருந்த வகரம் ஆட்டிக்கில் மறைந்துவிட்டாலும், ஹோமரின் பல அடிகளில் அது இருந்ததாகக் கொண்டால்தான் யாப்பு அமைகிறது.

'அறிந்திருந்தேன்' என்பதற்கு 'ஏய்தே', எதிர்காலத்துக்கு 'எய்ஸொமய்', 'அறிதல்' என்பதற்கு 'எய்தெனய்'. ஏவலாகிய 'இஸ்தி'யில் மட்டும் கவனம் தேவை: 'இரு' என்ற ஏவலுக்கும் அதே வடிவம் என்பதால், 'அறிந்துகொள்' என்பதா 'இரு' என்பதா என்பதைச் சூழலே தீர்மானிக்கும். 'அறிந்தவன்' என்னும் பொருளுடைய 'எய்தோஸ்' வடிவத்தின் மிக அழகான ஆட்சி, சோஃபக்ளீஸின் 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தில் 397-ஆம் அடியில் இருக்கிறது: ஸ்பிங்ஸின் விடுகதையை அவிழ்த்ததைப் பெருமையாகச் சொல்லும் அரசன் தன்னை 'ஏதும் அறியாத ஒய்திபூஸ்' (ஈடிபஸின் கிரேக்க வடிவம்) என்கிறான். பெயரின் நேர்ப்பொருள் 'வீங்கிய பாதத்தன்' என்றாலும், மூலத்தில் 'அறியாத' என்பதில் வந்து பக்கத்திலேயே நிற்கும் 'எய்தோஸ்' அதற்குள் 'ஒய்த'வையும் கேட்கச் செய்கிறது.