டெங்கு சரியாகி மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதே, ஷாம்பூ மாற்றியதுதான் காரணமா?

ஷாம்பூ மேல் பழி போடாதீர்கள். இன்று உதிர்கிற முடி, காய்ச்சல் அடித்த நாட்களை ஒட்டியே வளர்வதை நிறுத்திவிட்டது. விழத்தான் இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

தலையில் சுமார் 1 லட்சம் முடி உண்டு. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளரும், மாதம் ஏறக்குறைய 1 செ.மீ. பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வேர்ப்பை சுருங்கி, 3 மாதம் போல ஓய்வெடுக்கும். அது முடிந்ததும் பழையது விழ, அதே பையிலிருந்து புதியது வரும். வழக்கமாக நூற்றுக்கு 10, 15 முடிதான் ஓய்வில் இருக்கும். அதனால் ஒரு நாளைக்கு 50 முதல் 100 உதிர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய ஆபரேஷன், பட்டினி டயட் எல்லாம் வளர்கிற முடியில் கணிசமான பங்கை ஒரேயடியாக ஓய்வுக்குத் தள்ளிவிடும்.

சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் குண்டூசித் தலை மாதிரி வெள்ளையாக இருக்கிறதா? வேரே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்று பலர் அழுவது இதைப் பார்த்துத்தான். வேர்ப்பை தோலுக்குள் அப்படியே இருக்கிறது, இது ஓய்வெடுத்த முடியின் அடிமுனை. வெள்ளை முனை இல்லாமல் பாதியில் அறுந்திருந்தால் அது உடைசல். ஸ்ட்ரெய்ட்னிங், ஈரத்தலையை இழுத்து வாருவது என்று காரணமே வேறு.

ஐம்பது அறுபது முடியைச் சேர்த்து விரலில் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஆறுக்கு மேல் கையோடு வந்தால் உதிர்வு இன்னும் ஓயவில்லை. பொதுவாக ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ரத்த டெஸ்டில் ஃபெரிட்டினும் (உடலில் சேமிப்பில் உள்ள இரும்புச்சத்தைக் காட்டுவது) தைராய்டுக்கு டிஎஸ்ஹெச்சும் பாருங்கள். ஹீமோகுளோபின் நார்மல் என்பதால் இரும்புச்சத்து போதுமென்று அர்த்தமில்லை.

பாட்டி வைத்தியத்தைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வரவேண்டாம், எண்ணெய் தாராளமாகத் தேயுங்கள். வெளியே நீட்டியிருக்கும் முடி கெரட்டின் என்ற உயிரற்ற புரதம், எண்ணெய் அதை உடையாமல் காக்கும். ஆனால் எதைத் தேய்த்தாலும் தானாக நிற்கவேண்டிய உதிர்வு நின்றதும் பேர் வாங்குவது அந்த பாட்டில்தான். விளம்பரக்காரர்கள் பிழைப்பதே இதில்தான். முடிக்கென்று விற்கிற பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை இன்னும் மோசம். குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பலன் கிடைப்பதாக நல்ல ஆதாரம் இல்லை, தைராய்டு ரிசல்ட்டையும் தப்பாகக் காட்டிவிடும். டெஸ்டுக்கு ரத்தம் கொடுப்பதற்கு 2 நாள் முன்பாவது நிறுத்துங்கள், லேபிலும் சொல்லுங்கள்.

காசு அளவில் வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, வகிடு மட்டும் அகன்றுகொண்டே போனாலோ இந்தக் கணக்கு பொருந்தாது. தோல் டாக்டரைப் பாருங்கள்.