புது ஐ20 என் லைனா, எட்டு வயது பிஎம்டபிள்யூவா?

கேள்வி: வணக்கம் சார். சேலம் அழகாபுரத்தில் இருக்கிறோம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் உண்டு. மனைவி, நாலு வயதுப் பையன், அப்பாவோடு பெரும்பாலான வாரக் கடைசியில் மலைக்குப் போய் வருவோம். இப்போது இருக்கும் பழைய காரைக் கொடுத்துவிட்டு வேறு வாங்க வேண்டும். கையில் 6 லட்சம் இருக்கிறது, 8 லட்சம் வரை கடன் வாங்கலாம். புது ஹூண்டாய் ஐ20 என் லைன் (N Line, ஐ20-இன் ஸ்போர்ட்டி வடிவம்) பார்த்தேன், பிடித்திருக்கிறது. இதற்கிடையில் 2017 மாடல் பிஎம்டபிள்யூ 320டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சென்னைப் பதிவு, இரண்டாவது உரிமையாளர், 68,000 கிலோமீட்டர், பதினாலரை லட்சம் சொல்கிறார்கள். ஓட்டிப் பார்த்ததில் இருந்து தூக்கம் வரவில்லை. எதை வாங்கலாம்?

பதில்: தூக்கம் வராதது நியாயம்தான். அந்த 320டி அருமையான வண்டி. 190 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் விசை), எட்டு கியர் ஆட்டோமேட்டிக், பின்சக்கர இழுவை. கொண்டை ஊசி வளைவில் முன்சக்கரம் திரும்பும் வேலையை மட்டும் பார்க்க, பின்சக்கரம் வண்டியை மேலே தள்ளும். அந்தச் சுகத்தை 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர் உள்ள என் லைன் தராது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

இருந்தாலும் உங்கள் வீட்டுக்குப் புது ஐ20 என் லைன்தான் சரி என்பது என் முடிவு. அதிலும் மேனுவல் கியர். காரணம் சொல்கிறேன்.

பழைய சொகுசுக் காரில் விலைதான் இறங்குகிறது, செலவு இறங்குவதில்லை. அந்த வண்டி புதிதாக நின்றபோது ஆன்-ரோடு நாற்பது லட்சத்துக்கு மேல். இன்று நீங்கள் பதினாலரை லட்சத்துக்கு வாங்கினாலும், அதன் உதிரிபாகம் நாற்பது லட்ச வண்டியின் உதிரிபாகம்தான். ஹெட்லைட் உடைந்து முழு யூனிட்டாக மாற்ற வேண்டி வந்தால் லட்ச ரூபாய்க் கணக்கு. பஞ்சரானாலும் ஓடக்கூடிய ரன்-ஃப்ளாட் டயர் ஒன்றே 15 ஆயிரத்துக்கு மேல். பிஎம்டபிள்யூ செங்கல்பட்டுப் பக்கம்தானே அசெம்பிள் ஆகிறது, பாகம் மலிவாகக் கிடைக்காதா என்று கேட்பார்கள். கிடைக்காது. அந்தக் கூரையின் கீழ் பூட்டப்படுகிறது என்பதால் பாகத்தின் விலை ஐ20 விலைக்கு வந்துவிடாது.

அப்புறம் இன்சூரன்ஸ். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஏற்காடு வளைவில் எதிரே வரும் பஸ் உங்கள் பம்பரை உரசிவிட்டுப் போகிறது என்று வையுங்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் கொடுப்பார்கள். பம்பர் பிளாஸ்டிக், பாதிப் பணம் உங்களுடையது. புது வண்டியில் ஜீரோ டெப்ரிசியேஷன், அதாவது தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு, சேர்த்துக்கொண்டு தப்பிக்கலாம். எட்டு வயது வண்டிக்கு அந்தச் சலுகை கிடைப்பதே கஷ்டம். மூன்றாம் நபர் பிரீமியத்தில்கூட வித்தியாசம் இருக்கிறது: ஐ20 என் லைனின் இன்ஜின் 998 சிசி, 1,000 சிசிக்குள் அடங்கிவிடுவதால் 2022 ஜூனில் அறிவித்த விகிதப்படி ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,995 சிசி பிஎம்டபிள்யூவுக்கு 7,897 ரூபாய்.

கடனைப் பாருங்கள். 8 லட்சத்துக்கு 5 வருடம் என்று வைத்து, புதுக் காருக்கு 9 சதவீதம் வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 16,600. பழைய காருக்கு வட்டி கூடுதல். 14 சதவீதம் என்றால் 18,600. மாதம் இரண்டாயிரம்தானே என்று தோன்றும், ஐந்து வருடத்தில் அது 1.2 லட்சம். எட்டு வயதான காருக்கு ஐந்து வருடத் தவணை கொடுக்கவே வங்கிகள் யோசிக்கும்.

சர்வீஸ் எங்கே செய்வது என்பதும் பெரிய கேள்வி. ஐ20 என் லைனில் இருக்கும் அதே 1.0 டர்போ இன்ஜின் வென்யூவிலும் வருகிறது. சேலத்தில் அதைக் கை வைத்துப் பழகிய மெக்கானிக் நிறைய. பிஎம்டபிள்யூ வேலைக்கு எந்த ஊர் வரை போக வேண்டும், நடுவழியில் நின்றால் ஃப்ளாட்பெட் லாரிக்கு என்ன ஆகும் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். கோயம்புத்தூர் என்றால் ஒரு வழி 160 கிலோமீட்டருக்கு மேல். வண்டியை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி எடுக்கப் போக வேண்டும். வீட்டில் வேறு கார் இல்லாத உங்களுக்கு அந்த வாரம் தோட்டம் கிடையாது.

இனி என் லைன் வாங்குவதில் இரண்டு விஷயம். ஒன்று, வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புதுக் காருக்கு ஆயுள் வரி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.9 லட்சம் வண்டிக்கு வரி 1,28,700. 10.1 லட்சம் வண்டிக்கு 1,81,800. விலையில் இருபதாயிரம் ஏறினால் வரியில் 53 ஆயிரம் ஏறுகிறது. 2025 செப்டம்பர் 22-இல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்த பிறகு, பத்து லட்சத்துக்குள் வரும் வேரியன்ட்டைத் தேடிப் பிடிப்பது எளிதாகிவிட்டது. சன்ரூஃபுக்காக அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். மிச்சமாகும் பணத்துக்குக் கடனைக் குறையுங்கள்.

இரண்டு, கியர். ஷோரூமில் ஏழு கியர் டிசிடி (இரட்டைக் கிளட்ச்) ஆட்டோமேட்டிக்கைத்தான் காட்டுவார்கள். அது உலர் கிளட்ச் வகை, எண்ணெயில் குளிராதது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடிவாரத்திலிருந்து மேலே வரிசையாக வண்டி நின்றுவிட்டால், நத்தை வேகத்தில் ஊர்ந்து ஊர்ந்து ஏறும்போது அந்தக் கிளட்ச் சூடாகும். அதுவும் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியை ஏற்றத்திலேயே நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால் சீக்கிரம் தேயும். வாரா வாரம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறவருக்கு ஆறு கியர் மேனுவலே நிம்மதி. இறங்கும்போது இரண்டாவது கியரில் போட்டு இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி விடலாம், பிரேக் காயாது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் டர்போ இல்லாத இன்ஜின் மூச்சு வாங்கும். டர்போ அந்தக் குறையை ஈடுகட்டும். மலையில் உங்களுக்கு 120 குதிரைத்திறன் தாராளம்.

குறையும் இருக்கிறது, மறைக்கவில்லை. என் லைன் சஸ்பென்ஷன் சாதாரண ஐ20-ஐவிட இறுக்கம். டெஸ்ட் டிரைவுக்கு அப்பாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து, வேகத்தடை நிறைந்த தெருவாகப் பார்த்து ஓட்டுங்கள். அவர் முகம் சுளித்தால் வேறு வண்டி பாருங்கள். பாதுகாப்பில், இப்போதைய மாடலில் ஆறு ஏர்பேக், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் இருக்கின்றன. ஆனால் அதற்கு முந்தைய ஐ20-இன் அடிப்படை மாடலை 2022-இல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு மதிப்பெண் தரும் குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்தபோது 3 நட்சத்திரம்தான் கிடைத்தது. இது உங்களை உறுத்தினால், இரண்டு மூன்று வயதான ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் 1.5 ஜிடி தேடுங்கள். 150 குதிரைத்திறன், குளோபல் என்கேப்பில் 5 நட்சத்திரம், செடான் டிக்கி; கம்பெனி வாரன்ட்டி 4 வருடம் என்பதால் மிச்சமும் கொஞ்சம் கிடைக்கும். அதை உங்கள் பட்டியலில் இரண்டாவதாக வைக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் மனசு 320டி பக்கமே நின்றால், விலைக்கு மேல் 3 லட்சம் ரூபாயைத் தனியாக வங்கியில் போட்டுவிட்டு வாங்குங்கள். அந்த மூன்று லட்சம் இல்லையென்றால் வேண்டாம். பார்க்கப் போகும்போது, காலையில் நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லி வையுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள்; வெதுவெதுப்பாக இருந்தால் எதையோ மறைக்க ஏற்கெனவே ஓட வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும் முதல் சில நொடிகளில், இன்ஜினின் பின்பக்கம், அதாவது டேஷ்போர்டு பக்கமிருந்து சங்கிலி உரசும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். இந்த இன்ஜினில் டைமிங் செயின் பின்னால் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. மாற்ற வேண்டி வந்தால் சங்கிலியின் விலை பெரிதல்ல, அதை எட்டுவதற்குக் கழற்ற வேண்டியதுதான் பெரிய செலவு.

சென்னை வண்டி என்பதால் வெள்ளத்தையும் மனதில் வையுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுசாகக் கடைசி வரை இழுங்கள். யாரும் கழுவாத அந்தக் கடைசி முழ நாடாவில் சேற்றுக் கோடு தெரியும். டிக்கி விரிப்பைத் தூக்கி அடியில் துரு பாருங்கள், சீட்டுக்குக் கீழே ஒயர் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். ஒன்று இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். நாலு மாதத்துக்கு முன் ஒரு பழைய கார் வியாபாரியிடம் 11 லட்சம் கொடுத்துச் சொகுசு செடான் வாங்கினேன். மீட்டரில் 52,000 என்று இருந்தது. சர்வீஸுக்கு விட்டபோது, இரண்டு வருடத்துக்கு முன்பே 91,000 ஓடியதாகப் பழைய சர்வீஸ் பதிவில் இருப்பது தெரிந்தது. கேட்டால் ‘நாங்களும் இப்படியேதான் வாங்கினோம்’ என்கிறார். ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும், விடாதீர்கள். அவர் வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்பவர். அதனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். இதே காரைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்த வண்டி என்று விற்றிருந்தால் இந்தக் கதவு திறக்காது, சிவில் வழக்குத்தான்.

முதல் வேலை, அந்தச் சர்வீஸ் பதிவை முத்திரையோடு எழுத்தில் வாங்குவது. வண்டியின் மற்ற கம்ப்யூட்டர் யூனிட்டுகளிலும் ஓடிய தூரம் பதிவாகியிருக்கலாம். பல மாடல்களில் மீட்டரை மட்டும் திருத்துகிறவர் அதைத் தொடுவதில்லை. ஸ்கேன் ரிப்போர்ட் கேளுங்கள். வியாபாரி கொடுத்த ரசீது, 52,000 என்று போட்ட விளம்பரம், வாட்ஸப் படம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். விளம்பரத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு இருக்காது.

பிறகு, பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது விலை வித்தியாசத்தைக் கொடு என்று 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். சில வியாபாரிகள் அங்கிருந்து அழைப்பு வந்ததுமே பேச வருவார்கள். வரவில்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். உங்கள் 11 லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆனால் வண்டியை ஓட்ட ஓட்ட உங்கள் வாதம் தளரும், அதனால் இந்த மாதமே ஆரம்பியுங்கள்.

இன்னொன்று: ஆர்சி (பதிவுச் சான்று) உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்று பாருங்கள். நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லையே என்று கேட்கிறேன்.

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பர், 2015 ஆடி ஏ4-ஐ 7 லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார். கர்நாடகப் பதிவு. அப்படியே சேலத்தில் ஓட்டலாமா?

பதில்: ஊருக்கு வந்து போகலாம். ஆனால் இங்கேயே வைத்துக்கொண்டு 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்கியே ஆக வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆவது பிரிவு அது. அதற்குப் பெங்களூர் ஆர்டிஓவிடம் தடையின்மைச் சான்று, கடன் இருந்திருந்தால் வங்கியின் சான்று, பிறகு இங்கே ஆயுள் வரி. வரியைக் காரின் வயதுக்கு ஏற்பக் குறைப்பார்கள், ஆனால் நண்பர் சொல்லும் 7 லட்சத்துக்குப் போட மாட்டார்கள். புதிதாக வாங்கியபோது இருந்த விலைதான் அடிப்படை. அது 40 லட்சம் என்றும் விகிதம் 10 சதவீதம் என்றும் ஒரு கணக்குக்கு வைத்தால், வரி மட்டும் 4 லட்சம். நண்பர் அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அதற்கு அலைய வேண்டும்.

அதனால் சேலம் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சி நகலைக் காட்டி, கட்ட வேண்டிய வரி எவ்வளவு என்று முதலில் கேட்டு வாருங்கள். பதிவுக்கு ஆயுள் 15 வருடம், 2015 வண்டிக்கு 2030-இல் முடிகிறது, அதையும் கணக்கில் எடுங்கள். வரியையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து, அதே தொகைக்குத் தமிழ்நாட்டுப் பதிவில் ஒரு ஏ4 கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் அதை வாங்குங்கள். பெயர் மாற்றத்துக்கு மறுபடி ஆயுள் வரி கிடையாது.