மாத்திரைப் பையைத் திறந்து பார்க்கும் ஆள்: கேள்வி-பதில்

மாமியாருக்குப் பக்கவாதம். வெளிநாட்டில் இருக்கும் மகள், "கேஸ் மேனேஜர் யாரும் இல்லையா?" என்று கேட்கிறாள். நம் ஊரில் அப்படி யாராவது உண்டா?

சில மனநலத் தொண்டு நிறுவனங்களில் அந்தப் பெயரே புழங்குகிறது. மற்றபடி வேலை உண்டு, பெயர்தான் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தன்னார்வலர் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருவார். பிசியோதெரபிஸ்ட், நோய் ஆதரவு செவிலியர் ஆகியோரும் வருவார்கள். ஆனால் யார் என்றைக்கு வந்தார், அடுத்து என்ன என்பதையெல்லாம் ஒரே ஆள் தலையில் வைத்திருக்க வேண்டுமே, அதுதான் கேஸ் மேனேஜர் வேலை. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கொடுத்துப் பெயரைப் பதிந்துவிடுங்கள். ஒரு நோட்டுப் போட்டு, வருகிறவர்கள் எல்லோரையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கேஸ் மேனேஜர் வீட்டுக்கு வந்து என்னதான் செய்வார்? பிரஷர் பார்ப்பதை நாங்களே செய்துவிடுகிறோம்.

நல்லது, பாருங்கள். நான் சமுதாய செவிலியராக இருந்த காலத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது மாத்திரைப் பையைத்தான். ஒரு பெரியவர் வீட்டில் துணிக்கடை மஞ்சப்பையைக் கட்டிலில் கவிழ்த்தார்கள். அரசு ஆஸ்பத்திரி கொடுத்த அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை ஒரு அட்டை. தனியார் டாக்டர் எழுதியது வேறு பெயரில் இன்னொரு அட்டை. திருப்பிப் பார்த்தால் அதுவும் அம்லோடிபின். இரண்டையும் காலையில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மருந்துக்குக் கால் வீங்குவது உண்டு. வீக்கத்தைக் காட்ட மூன்றாவது இடத்துக்குப் போக, அங்கே நீர் மாத்திரை எழுதிவிட்டார்கள். அப்புறம் ராத்திரி நாலு முறை எழுந்து, தலைசுற்றிக் கீழே விழுந்திருக்கிறார். வீட்டில் சொன்னது, "வயசாயிடுச்சுல்ல".

மூன்று டாக்டர்கள் மேலும் தப்பில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கவே இல்லை. நானாக எதையும் நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. பையோடு ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பார்த்து ஒரு அம்லோடிபினையும் நீர் மாத்திரையையும் நிறுத்தினார். கொஞ்ச நாளில் வீக்கம் வடிந்தது.

அண்ணனுக்கு டிபி. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டது. "இனி மாத்திரை வேண்டாம், திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன்" என்கிறார்.

வேலைக்குப் போகட்டும், மாத்திரையை மட்டும் விடக்கூடாது. சாதாரண டிபிக்கு மொத்தம் 6 மாதம்: முதல் 2 மாதம் நாலு மருந்து, பிறகு 4 மாதம் மூன்று மருந்து. இருமல் நின்றாலும் கிருமி முழுதாகப் போயிருக்காது. பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத டிபியாக மாறலாம். அவருடைய நிக்ஷய் எண்ணை, அதாவது அரசின் டிபி பதிவு எண்ணை, சொன்னால் திருப்பூரிலேயே மருந்து வாங்கிக்கொள்ளலாம். கிளம்பும் முன் இங்குள்ள டிபி பிரிவில் மாற்றல் கேளுங்கள். ஊட்டச்சத்துக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறதா என்று பாஸ்புக்கையும் பாருங்கள். வயிற்றைப் புரட்டுவதால்தான் பலர் நிறுத்துகிறார்கள், திட்டுவதற்கு முன் அதையும் கேளுங்கள்.

வீட்டுக்கு ஆள் வந்தால் தெருவுக்கே நோய் தெரிந்துவிடாதா?

நியாயமான பயம். எச்.ஐ.வி., மனநோய் இரண்டுக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டங்கள் ரகசியத்துக்கு உரிமை தருகின்றன. வீட்டுக்கு வர வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தே நான் பலரிடம் பேசியிருக்கிறேன்.

நான் களப்பணியாளர். என் பொறுப்பில் 90 பேர். ஒருவர் எத்தனை பேரைப் பார்க்கலாம்?

நோயைப் பொறுத்தது. 1970களில் அமெரிக்காவின் மேடிசன் நகரில் ஸ்டைன், டெஸ்ட் என்ற இரு மனநல நிபுணர்கள் கடும் மனநோயாளிகளுக்காக உருவாக்கிய முறையில் சுமார் 10 பேருக்கு ஒரு பணியாளர். 90 என்றால் நீங்கள் மாத்திரை கொடுக்கும் தபால்காரர்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். படுக்கையில் கிடப்பவர்கள், தனியாக இருப்பவர்கள், போன மாதம் மருந்து விட்டவர்கள் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி வையுங்கள். வாரா வாரம் அவர்கள் வீடு, மற்றவர்களுக்குப் போன். எண்ணிக்கையை மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னது நிற்காது.

வருகிறவருக்குப் பணம் தர வேண்டுமா?

அரசுத் திட்டத்தில் வருபவருக்கு ஒரு பைசா வேண்டாம். வெயிலில் நடந்து வருகிறார், மோர் கொடுங்கள்.