முகங்களைக் கடைசியில் வையுங்கள்

கோபியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பென்சிலில் முகம் நன்றாக வரும். எண்ணெய் வண்ணம் பழக ரவிவர்மாவின் 'கேலக்ஸி ஆஃப் மியூசிஷியன்ஸ்' ஓவியத்தைப் பார்த்து வரைகிறேன். மூன்று முகம் முடிந்தது. ஆனால் வெட்டி ஒட்டியதுபோல ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். எங்கே தப்பு?"

முகத்தில் தொடங்கியதுதாங்க தப்பு. இதே படத்தில் வீணை வாசிக்கும் பெண்ணின் முகத்துக்கே நான் ஒரு மாதம் உட்கார்ந்தேன். அப்புறம் பக்கத்துப் பெண்ணின் தோளை வைக்க இடமில்லை. அந்த முகத்தைச் சுரண்டி எடுக்கும்போது மனசே கேட்கவில்லை.

1889 வாக்கில் வரைந்த அந்தப் படத்தில் 11 பெண்கள். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், 11 பேர் தெரியமாட்டார்கள். வெளிச்சத் திட்டுகள் சிலவும் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் இருட்டும்தான் தெரியும். முதலில் வரைய வேண்டியது அதைத்தான்.

கட்டம் போட்டு உருவரை எடுத்ததும், பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முழுக்கப் பூசுங்கள். வெளிச்சம் வேண்டிய இடத்தைப் பழந்துணியால் துடைத்தெடுங்கள். முகம் வெறும் முட்டை வடிவம் போதும், கண் மூக்கு வேண்டாம். ஆறடி தள்ளி நின்று பார்த்தால் கூட்டமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையா, துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள். இப்போது திருத்துவது ஐந்து நிமிட வேலை.

அம்பர் சீக்கிரம் காயும். அதன்மேல் வண்ணம் ஏற்ற ஏற்ற ஆளிவிதை எண்ணெயைக் கூட்டுங்கள். எண்ணெய் மிகுந்த பூச்சின்மேல் சீக்கிரம் காய்வதைப் பூசினால் பிற்பாடு வெடிக்கும். இந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது சூடு உண்டாகும். எண்ணெய் துடைத்த துணியைக் குவித்துப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம், தயவுசெய்து விரித்துக் காயவையுங்கள்.

பழக விலை கூடிய கேன்வாஸ் வேண்டாம். ஈரோட்டுக் காடா துணியில் கெட்டியானதைச் சட்டத்தில் இழுத்து அடித்து, ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சை மூன்று முறை கொடுங்கள். வெறும் துணியில் எண்ணெய் பட்டால் நாளடைவில் இற்றுப்போகும்.

மூலப்படம் மைசூர் ஜெகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. சத்தி, திம்பம் வழியாக உங்களுக்கு அது பக்கம்தான், அவசியம் போய்வாருங்கள். செல்போனில் தெரியும் நிறத்தை நம்பி வரையக் கூடாது. அங்கே முகத்தில் மயங்கி நின்றுவிடாமல், தோளின் விளிம்பு எங்கே பின்னிருட்டில் கரைகிறது, எங்கே கூர்மையாக நிற்கிறது என்று நோட்டில் குறித்துவாருங்கள். அதுவரை அந்த மூன்று முகக் கேன்வாஸ் ஓரமாக இருக்கட்டும், சுரண்ட வேண்டாம்.